வால்நட்சத்திரமும் தெருவிளக்கும்

சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்ற மூன்று ஊர்களும் இப்போது பெயரளவில்தான் வெவ்வேறு ஊர்கள். வீட்டோடு வீடும் கடையோடு கடையும் சேர்ந்து அவை ஒரே நகரமாகிவிட்டன. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படியே இம்மூன்றிலுமாக எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வசித்தார்கள். பிறகு பெருகியிருக்குமேயன்றிக் குறைந்திராது. இவ்வளவு பெரிய ஜனசமூகத்தில், 2024-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஆகாயத்திலே தோன்றிய வால்நட்சத்திரத்தைத் தம் ஊரில் நின்றபடி தம் கண்ணாலேயே கண்டவர்கள் எத்தனை பேர்? நாம் விசாரித்த மட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம். பெங்களூரில் இருந்தவர்கள் விடியற்காலையில் எழுந்து அதைப் படம் பிடித்தார்கள். லடாக்கிலுள்ள ஹான்லேயிலிருந்தும் படங்கள் வந்தன. நம்மவர்கள் அந்தப் படங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்தார்கள். இவ்விதம் நேர்ந்த காரணம் என்ன, இதில் மனிதர் கையால் திருத்தக்கூடியது எது என்பது பற்றி நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம். வால்நட்சத்திரத்துக்கும் பொது வாழ்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்; அந்த இடத்துக்கு நாமே வருவோம்.

முதலில் வந்த விருந்தாளியைப் பற்றிச் சொல்லிவிடுவோம். 2023-ம் வருஷம் ஜனவரியில் சீன தேசத்தின் ஊதாமலை வானிலையமும், அதே வருஷம் பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியும் தனித்தனியே கண்டறிந்தபடியால், அதற்குச் சூசின்ஷான்-அட்லஸ் என்று இரட்டைப் பெயர் வந்தது. ஊதாமலை என்பதற்குச் சீன பாஷையில் உள்ள பெயரே சூசின்ஷான். 2024-ம் வருஷம் ஜூலை மாதத்தில், இது சூரியனை நெருங்குமுன்பே உடைந்து தூளாகிவிடும் என்று வானசாஸ்திரத்தில் பழுத்த நிபுணர் ஒருவர் எழுதினார். அது உடையவில்லை. செப்டம்பர் 27-ந் தேதியன்று சூரியனிடமிருந்து சுமார் 5 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், அதாவது புதன் கிரகம் சுற்றும் வட்டத்தின் அளவுக்கு நெருங்கிச் சென்று, பத்திரமாக வெளியே வந்தது. அக்டோபர் 12-ந் தேதி பூமிக்குச் சுமார் 7 கோடி கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. எண்பதினாயிரம் வருஷத்துக்கு ஒரு முறை வருவது என்று பத்திரிகைகள் எழுதின. கணிதம் செய்தவர்களோ, அது சூரிய மண்டலத்தை விட்டே போய்விடவும் கூடும் என்றார்கள். எப்படியிருந்தாலும் நமக்கும், நம் பேரப்பிள்ளைகளுக்கும், அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கும் அது மறுபடி அகப்படப்போவதில்லை.

இந்த நட்சத்திரம் தரிசனம் தந்தது இரண்டு தவணையாக. செப்டம்பர் மாதக் கடைசியிலும் அக்டோபர் முதல் சில தினங்களிலும் சூரியோதயத்துக்கு முன் கீழ்வானில் தெரிந்தது. பிறகு சூரியனுடைய ஒளியில் மறைந்து, அக்டோபர் 11, 12 தேதிகளுக்குப் பின் அஸ்தமனமானதும் மேல்வானில் தெரிந்தது. இங்கேதான் நமது மேற்குப் புறநகர்களின் பூகோள நிலைமையைக் கவனிக்க வேண்டும். அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ நிற்பவனுக்குக் கிழக்கு என்றால் சென்னைப் பட்டணம். கோயம்பேடும் அண்ணாநகரும் வில்லிவாக்கமும் இரவு முழுவதும் வானத்தை நோக்கி எறியும் வெளிச்சம் கீழ்வானத்தில் சாம்பல் பூத்த திரைபோல் நிற்கும். அந்தத் திரைக்கு மேலே ஒரு முழம் எழும்பி, பொழுது புலருமுன் மறையும் வால்நட்சத்திரத்தைக் காண்பது எப்படி? ஆகவே முதல் தவணை நம் ஊர்களுக்குப் பிரயோஜனப்படவில்லை. கடற்கரையில் நின்ற சென்னைவாசிக்கு நம்மைவிடச் சௌகரியம் அதிகம். அவனுக்குக் கிழக்கே சமுத்திரம். அங்கே விளக்குக் கம்பம் நடுவார் இல்லை.

இரண்டாவது தவணையிலோ நிலைமை தலைகீழ். மேற்கே பார்க்க வேண்டியவனுக்கு நகரம் முதுகுப்பக்கம் போய்விடுகிறது. பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது. 3,645 மில்லியன் கனஅடி தண்ணீர் கொள்ளும் அந்த ஏரியின் கரையில் நின்றால் எதிரே மாடமில்லை, மாளிகையில்லை, கோபுரமில்லை. ஆவடிக்காரருக்குப் பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது. திருநின்றவூர் ஏரியும் வெகு தூரமில்லை. சென்னையின் நடுவே வசிக்கும் தனவந்தர்களுக்கு இல்லாத ஒரு பாக்கியம் இந்த ஊர்களில் உள்ள தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் இருந்தது. மாலை ஆறரை மணிக்கு மேல்வானில் வெள்ளி பளிச்சென்று நிற்க, அதற்கு வலப்புறத்தில், சுவாதி நட்சத்திரத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே, நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே தூமகேது நின்றது.

விஜயதசமி கழிந்த மறுநாள் மாலை நாமும் நண்பர் இருவரும் செம்பரம்பாக்கத்து ஏரிக்கரையில் நின்றிருந்தோம். மேற்கே மேகங்கள் அடுக்கடுக்காக நின்றன. வெள்ளி ஒரு பிளவில் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று, "அங்கே என்ன தெரியுது, ஐயா?" என்று கேட்டார். சொன்னோம். அவர் போகவில்லை, மாடுகளைக் கரைச் சரிவில் மேயவிட்டு, நம்முடன் நின்றுவிட்டார். அஸ்தமனமாகி முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, மேகத்தின் விளிம்புக்கு மேலே, இரட்டைக் குழல் கண்ணாடியின் வழியாக மட்டும், சுண்ணாம்பை விரலால் இழுத்ததுபோன்ற ஒரு வெண்கோடு புலப்பட்டது. நான்கு நிமிஷம் இருக்கலாம். கண்ணாடியை வாங்கிப் பார்த்த பெரியவர், "எங்க அப்பா காட்டினது இதைப்போல நாலு பங்கு நீளம் இருந்தது, கண்ணாடியெல்லாம் கேட்கலை" என்றார். அவர் சொன்னதன் பொருளைப் பின்னர் பார்ப்போம். மேகம் மூடிக்கொண்டது.

அதற்கு அடுத்த நாட்களில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அக்டோபர் 15-ந் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக வானிலை இலாகா அறிவித்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு ஜில்லாக்களில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. மறுநாளைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. முன் வருஷங்களின் வெள்ளத்தில் சூடுபட்ட வேளச்சேரிவாசிகள் தங்கள் கார்களையெல்லாம் மேம்பாலத்தின் மேல் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். 17-ந் தேதி காற்றழுத்த மண்டலம் கரையைக் கடந்து வானம் சற்று விலகியபோது, அன்றே பௌர்ணமி! அதுவும் அந்த வருஷத்துப் பௌர்ணமிகளில் பூமிக்கு மிக அருகில் வந்த சந்திரன். சந்திரன் தேய்ந்து மாலை வேளையை விட்டு நகர்ந்தபோது தூமகேதுவும் பூமியை விட்டு வெகுதூரம் விலகி மங்கிவிட்டது. மழை, நிலவு, நகரத்து வெளிச்சம் என்று மூன்று பகைவர்கள் முறைவைத்துக் காவல் நின்றார்கள். இவற்றில் முதலிரண்டையும் யாரும் குறை சொல்ல முடியாது. மழை வேண்டாமென்று சொல்லத் துணிகிறவன் சென்னையில் கோடைகாலத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றிராதவனாயிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைக் குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. தூமகேது தோன்றினால் மழை பொய்க்கும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. சனி புகைந்தாலும், தூமகேது எழுந்தாலும், வெள்ளி தென்திசை சென்றாலும் பாரியின் நாட்டில் வயல் விளைவு குன்றாது, அவன் கோல் கோணாதது என்று கபிலர் புறநானூற்றிலே பாடியிருக்கிறார். வானத்துக் குறியைவிட ஆட்சியின் நேர்மை பெரிது என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஒரு தமிழ்ப் புலவர் சொல்லியிருக்கிறார் என்பதை நம் அரசியல் நண்பர்கள் மனத்தில் இருத்துவது நல்லது. ஆனால் 2024-ல் தூமகேது மழையைத் தடுக்கவில்லை. மழைதான் தூமகேதுவை மறைத்தது.

இனி வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவோம். "வெள்ளிக்கு நிகரான பிரகாசம்" என்று அந்த வாரத்தில் சில பத்திரிகைகள் எழுதியதைப் படித்துவிட்டு மாடியில் ஏறி நின்று ஏமாந்தவர்கள் பலர். பத்திரிகைகள் எழுதியது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. அக்டோபர் 9-ந் தேதியை ஒட்டி அந்த வால்நட்சத்திரம் சூரியனுக்கும் பூமிக்கும் ஏறக்குறைய இடையே இருந்தது. கூரை ஓட்டின் துவாரம் வழியாக வரும் வெயிலில், எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பவனுக்குத் தூசி வைரம்போல் மின்னுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே நியாயப்படி தூமகேதுவின் தூசியும் சூரியனைப் பின்னே வைத்துக்கொண்டு ஜொலித்தது. ஆனால் அப்போது அது சூரியனுக்கு மிக அருகில் இருந்ததால், சூரியனை மறைத்துப் படம் பிடிக்கும் விண்வெளிக் கருவிகளுக்குத்தான் தெரிந்தது. மாலை வானத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்த ஜொலிப்பில் பெரும்பகுதி போய்விட்டது.

மேலும், வால்நட்சத்திரத்தின் பிரகாச எண் நட்சத்திரத்தின் பிரகாச எண்ணைப் போன்றதன்று. நட்சத்திரம் ஒரு புள்ளி. வால்நட்சத்திரமோ பரவிக் கிடக்கும் புகை. ஓர் ஆழாக்குப் பாலை டம்ளரில் ஊற்றினால் வெண்மை தெரியும். அதே பாலை அண்டாத் தண்ணீரில் ஊற்றினால்? பால் குறையவில்லை, வெண்மை போய்விட்டது. ஆகவே ஒன்றாம் தர நட்சத்திரத்துக்குச் சமமான தூமகேது என்று கணிதம் சொன்னாலும், ஆவடி மார்க்கெட்டுத் தெருவில் நிற்பவன் கண்ணுக்கு அது மூன்றாம் தரத்து மங்கலாகவே படும். வானம் கறுத்திருந்தால்தான் அந்தப் புகை வெளுப்பாகத் தெரியும்.

'ஒன்றாம் தரம், மூன்றாம் தரம்' என்று சொன்னோம். இந்தத் தரக் கணக்குக்கும் நமது சென்னைக்கும் உள்ள உறவு நேயர்களில் பலருக்குப் புதிதாயிருக்கலாம். ஐந்து தரம் வித்தியாசப்பட்டால் ஒளி நூறு மடங்கு வித்தியாசப்படும், ஒரு தரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று 1856-ம் வருஷத்தில் விதி வகுத்தவர் நார்மன் பாக்ஸன் என்ற ஆங்கிலேயர். உலகம் முழுவதும் இன்றும் அந்த விதிதான் வழங்குகிறது. அவர் 1861-ல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்திலிருந்த சர்க்கார் வானிலையத்துக்குத் தலைவராகி, 1891-ல் இறக்கும் வரையில் இங்கேயே இருந்தார். அந்த வானிலையம் 1792-ல் கட்டப்பட்டது. அதன் கருவியைத் தாங்கிநின்ற கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் பொறித்த எழுத்துக்களுடன் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை இலாகாவின் வளைவுக்குள் நிற்கிறது.

இந்த நுங்கம்பாக்கத்தில் 1872-ம் வருஷம் நடந்ததைக் கேளுங்கள். பீலா என்ற பெயருடைய வால்நட்சத்திரம் ஒன்று ஆறரை வருஷத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தது. 1846-ல் அது ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாகப் பிளந்தது. 1852-ல் இரண்டும் ஜோடியாக வந்தன. அதற்குப் பிறகு காணவில்லை. 1872-ம் வருஷம் நவம்பர் 27-ந் தேதி இரவில் ஐரோப்பாவிலே நெருப்புப் பொறி சொரிவதுபோல் எரிநட்சத்திரங்கள் மழையாகப் பொழிந்தன. காணாமற்போன வால்நட்சத்திரத்தின் தூசியிலே பூமி புகுந்துவிட்டது என்று ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து வானசாஸ்திரி கிளிங்கர்ஃபியூஸ் நிச்சயித்தார். அப்படியானால் பூமியைக் கடந்துபோன அது தென்வானத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து தென்வானத்தைப் பார்க்க முடியாது. தெற்கே, கிழக்கே, நல்ல கருவியும் தேர்ந்த கண்ணும் உள்ள இடம் எது? அவர் சென்னைக்குத் தந்தியடித்தார். பீலா 27-ந் தேதி பூமியைத் தொட்டுவிட்டது, சென்டாரஸ் மண்டலத்தில் தீட்டா என்ற நட்சத்திரத்தின் பக்கம் தேடுங்கள் என்பதே அந்தத் தந்தியின் சாரம்.

தந்தி வந்தபோது சென்னையின் வானம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் சொல்லவும் வேண்டுமா? அது மார்கழிக்கு முந்திய மாதம், பருவமழைக் காலம். மேகம் மூடியிருந்தது. பாக்ஸன் காத்திருந்தார். டிசம்பர் 2-ந் தேதியின் விடியற்கால இருளில், மேகம் விலகிய ஓர் இடைவெளியில், தென்கிழக்கே, சொல்லப்பட்ட இடத்துக்கு அருகிலேயே ஒரு வால்நட்சத்திரம் இருந்தது. மறுநாளும் கண்டார். அப்போது அதற்குச் சிறு வாலும் இருந்தது. பிறகு மேகம் மறுபடியும் மூடிக்கொண்டது. அவ்வளவுதான். உலகத்தில் வேறு எவரும் அதைப் பார்க்கவில்லை. பாதையைக் கணக்கிட மூன்று நாள் குறிப்பாவது வேண்டும், கிடைத்ததோ இரண்டு. பிற்காலத்தார் கணித்துப் பார்த்து, அது பீலாவாக இருக்க முடியாது என்றார்கள். அப்படியானால் சென்னையின் மேகப் பிளவில் இரண்டு விடியலில் தெரிந்து மறைந்தது எது? அது பாக்ஸன் பெயராலேயே வானசாஸ்திரப் பட்டியல்களில் நிற்கிறது, விடை கிடைக்கவில்லை.

அந்த வானிலையத்தில் அக்காலத்தில் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். இந்த 1872-லேதான் லண்டன் ராயல் வானசாஸ்திர சங்கத்தில் அங்கத்தினரானார். 1874-ம் வருஷத்தில் வெள்ளி சூரியனைக் குறுக்கே கடக்கப்போகிறது என்றபோது, அதை ஜனங்கள் பயமின்றிப் பார்த்து அறிய வேண்டுமென்று தேச பாஷைகளிலும் புத்தகம் வெளியிட்டார். பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டுமென்று பாடுபட்டவரும் அவரே. அறிவு என்பது கோட்டைக்குள் இருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்த காலத்தில், கருவியின் முன் உட்கார்ந்திருந்த கண் நம்மவருடைய கண் என்பதை அவர் நிலைநாட்டினார். பாக்ஸன் பெயரை வானசாஸ்திரப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. ரகுநாதாச்சாரி பெயரை அம்பத்தூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? 1949-ல் அமெரிக்காவிலே மாணாக்கராக இருந்தபோது தம் பெயரால் ஒரு வால்நட்சத்திரத்தைப் பெற்ற வேணு பாப்பு சென்னையிலே பிறந்தவர். அவரே பின்னர் ஜவ்வாது மலையில் காவலூர் வானிலையத்தை உண்டாக்கினார். இவர்கள் பிறந்து உழைத்த பட்டணத்தின் எல்லையில் வால்நட்சத்திரத்தைக் காண முடியவில்லை என்றால் அது சிறிய விஷயமாகுமா?

முன்பெல்லாம் காண முடிந்தது. 1910-ம் வருஷம் மே மாதத்தில் ஹாலியின் வால்நட்சத்திரம் விடியற்கால வானில் நீண்டு நின்றபோது ஜனங்கள் பயந்தே பார்த்தார்கள். அதன் வாலில் விஷவாயு இருக்கிறது, பூமி அதற்குள் புகப்போகிறது என்ற செய்தி பரவியதும் அமெரிக்காவிலே அதற்கு மாத்திரை விற்றுப் பணம் சேர்த்தவர்களும் இருந்தார்கள். அதே நாளில் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் சாதாரண வருஷத்துத் தூமகேதுவைக் குறித்துப் பாட்டு எழுதினார். பயத்தினால் எழுதியதன்று அது. பயமோ பக்தியோ ஆராய்ச்சியோ, எதுவானாலும் முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்நாளில் தெரிந்தது.

ஏரிக்கரையில் நம்மிடம் பேசிய பெரியவர் குறிப்பிட்டது 1965-ம் வருஷத்து இகேயா-செகி என்ற வால்நட்சத்திரமாகத்தான் இருக்க வேண்டும். அவ்வருஷம் அக்டோபர் 21-ந் தேதி சூரியனை உராய்ந்துவிட்டு வெளியே வந்த அது, மாதக் கடைசியிலும் நவம்பர் ஆரம்பத்திலும் விடியலுக்கு முன் தென்கிழக்கில் வாலை நிமிர்த்திக்கொண்டு எழுந்தது. எழுபது வயதை எட்டிய தமிழர் எவரைக் கேட்டாலும், தகப்பனாரோ பாட்டியோ தூக்கத்திலிருந்து எழுப்பி வாசலுக்குக் கூட்டிவந்து காட்டிய கதையைச் சொல்வார். அம்பத்தூர் தொழிற்பேட்டை ஏற்பட்டு அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆவடியில் ராணுவ டாங்கித் தொழிற்சாலை அந்த வருஷத்திலேதான் விஜயந்தா டாங்கிகளை வெளியிடத் தொடங்கியது. வீடுகளுக்கு நடுவே வயலும், வயலுக்கு நடுவே ஏரியும் இருந்த காலம். பார்ப்பதற்கு ஏரிக்கரைக்குப் போக வேண்டியதில்லை, வாசற்படி போதும்.

தொழிற்சாலை வந்ததை நாம் குறை கூறவில்லை. அந்தத் தொழிற்பேட்டையும் டாங்கித் தொழிற்சாலையும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன. மின்சார விளக்கு வந்ததையும் குறை கூறவில்லை. நாம் குறை கூறுவது, கீழே விழ வேண்டிய வெளிச்சத்தை மேலே எறியும் அஜாக்கிரதையை. தெருவிளக்கின் வேலை தெருவைக் காட்டுவது. நம் தெருக்களில் தலைச்சட்டியில்லாத விளக்குகளும், வானத்தை நோக்கிச் சாய்த்து வைத்த விளக்குகளும், யாரும் நடமாடாத இரவு இரண்டு மணிக்கும் எரியும் விளம்பரப் பலகைகளும், கல்யாண மண்டப வாசலிலிருந்து மேகத்தைத் தடவும் சுழல் விளக்குகளும் சர்க்கார் பணத்தையும் தனியார் பணத்தையும் ஆகாயத்தில் கொட்டுகின்றன. முன்பிருந்த மஞ்சள் சோடியம் விளக்குகள் போய் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் வந்ததில் மின்சாரம் மிச்சமாயிற்று. ஆனால் நீலம் கலந்த வெள்ளொளி காற்றிலே அதிகமாகச் சிதறும். பகலில் வானம் நீலமாயிருப்பதற்கும் அதுவே காரணம். ஆகவே அதே அளவு வெளிச்சத்துக்கு வானம் முன்னைவிட அதிகமாக வெளுக்கிறது. நல்ல இருட்டில் ஆறாம் தர நட்சத்திரம் வரை வெறும் கண்ணுக்குத் தெரியும். நம் புறநகர்களில் மூன்றாம் தரத்தைத் தாண்டுவது அபூர்வம். ஆறு தரத்தில் மூன்று தரத்தை நாம் அழித்துவிட்டோம் என்றால், பாக்ஸன் விதிப்படி பதினாறு மடங்கு ஒளியுள்ளது மட்டுமே நமக்கு மிஞ்சியது.

இதற்கு 2025-ம் வருஷம் ஒரு பரீட்சை வைத்தது. அவ்வருஷம் ஜனவரியில் அமெரிக்காவிலே கண்டுபிடிக்கப்பட்ட லெம்மன் என்ற வால்நட்சத்திரம் அக்டோபர் 21-ந் தேதி பூமிக்கு மிக நெருங்கியது. அமாவாசை, நிலவின் தொந்தரவு இல்லை. நாலாம் தரப் பிரகாசம். இருண்ட கிராமத்தில் வெறும் கண்ணுக்கே தட்டுப்படக்கூடியது. ஆனால் முதல் நாள்தான் தீபாவளி! பட்டாசுப் புகையின் மேல் தெருவிளக்கின் ஒளி பட்டு ஆகாயம் பால்போல் வெளுத்திருக்க, அதற்கு மேலே பருவமழையின் மேகம். தீபாவளியைத் தள்ளிவைக்கச் சொல்லும் அரசிகத்தனம் நம்மிடம் இல்லை. மூன்றாம் தரம் வரைதான் தெரியும் ஊரில் நாலாம் தரத்து வால்நட்சத்திரம், புகையும் மேகமும் இல்லாதிருந்தாலும் தெரிந்திராது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இப்போது அரசியலுக்கு வருகிறோம். 1955-ம் வருஷம் ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை ஆவடியிலே கூடி, சோஷலிஸ மாதிரிச் சமுதாயமே நமது லட்சியம் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் எந்த அளவுக்கு நிறைவேறிற்று என்ற விவாதத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். செல்வத்தைப் பொதுவாக்குவது பற்றிப் பேசிய அதே ஊரில், கூலிக்காரனுக்கும் கோடீஸ்வரனுக்கும் காசில்லாமல் பொதுவாயிருந்த ஒரு செல்வம், எந்தச் சபையிலும் ஒரு தீர்மானமும் இல்லாமலே பறிபோயிருக்கிறது. பணமுள்ளவன் காரில் ஏறி ஜவ்வாது மலைக்கோ ஏலகிரிக்கோ போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். ஆவடியில் இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவனுடைய பிள்ளைக்கு, கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் ஆறு மீனை எண்ணிக் காட்டுவதற்குக்கூட இடமில்லை. ஏரியைத் தூர்த்தவன்மீது வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது. வானத்தைத் தூர்த்தவனைக் கேட்பாரில்லை.

விளக்கைக் குறைத்தால் பெண்மக்கள் எப்படி அச்சமின்றி நடப்பார்கள் என்று சில அன்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தெருவை இருட்டாக்கும்படி நாம் சொல்லவில்லை. விளக்குக்கு மேலே ஒரு தகட்டுச் சட்டி வைத்தால் மேலே வீணாகும் ஒளியும் தெருவிலேயே விழும், கண் கூசாது, நிழலில் நிற்பவனும் தெரிவான். எதிரே வரும் விளக்கின் கூச்சத்தில் பள்ளம் தெரியாமல் விழுந்தவர்களுக்கு இது விளங்கும். லடாக்கில் ஹான்லே சுற்றுவட்டாரத்தை 2022-ல் இருள்வானக் காப்பிடமாக அறிவித்தார்கள். அங்குள்ள கிராமவாசிகளே தம் விளக்குகளை மூடிவைத்து, வருகிறவர்களுக்கு நட்சத்திரம் காட்டும் வழிகாட்டிகளாயிருக்கிறார்கள். ஆவடியை ஹான்லேயாக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். பூந்தமல்லி நெடுஞ்சாலையை அணைத்துவிட முடியாது. ஆனால் ஏரிக்கரைகளை ஒட்டிய விளக்குகளுக்குச் சட்டி போடலாம். பதினொரு மணிக்குப் பிறகு விளம்பரப் பலகைகளை அணைக்கச் சொல்லலாம். வால்நட்சத்திரம் வரும் வாரத்தில் கரையோரத்து விளக்குகளை மாலையில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆசிரியர்களோடு அழைத்துவரலாம். கோட்டூர்புரத்துக் கோளரங்கத்தார் ஒரு தொலைநோக்கியை வண்டியில் ஏற்றி மேற்கே அனுப்பலாம்.

அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சிக்குள் சேர்ந்துவிட்டது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லி நகராட்சியாக இருக்கிறது. மூன்று ஸ்தல ஸ்தாபனங்கள், மூன்று மின்சாரக் கணக்குகள். ஒன்றுக்கொன்று காத்திராமல் எதுவும் தானே தொடங்கலாம். பெருத்த செலவும் இல்லை. மாமன்றக் கூட்டங்களில் தெருவிளக்கு எரியவில்லை என்று கேள்வி கேட்கும் உறுப்பினர்கள், எரிகிற விளக்கு எந்தத் திசையில் எரிகிறது என்றும் ஒரு முறை கேட்கட்டும்.

அடுத்த பெரிய வால்நட்சத்திரம் எப்போது வரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஹாலி திரும்புவது 2061-ம் வருஷம் ஜூலையில். மற்றவை எல்லாம் சொல்லாமல் வருபவை. சூசின்ஷான்-அட்லஸ் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து சூரியனை அடைவதற்கு இருபது மாதம் இருந்தது. லெம்மனுக்குப் பத்து மாதம். 2020-ல் வந்த நியோவைஸ், மார்ச்சு 27-ந் தேதி கண்டுபிடிக்கப்பட்டு ஜூலை 3-ந் தேதி சூரியனைச் சுற்றிவிட்டது. மூன்று மாதமும் ஒரு வாரமும்தான் அவகாசம். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் உள்ள விளக்குக் கம்பங்களுக்குத் தகட்டுச் சட்டி மாட்ட அந்த மூன்று மாதமே தாராளம்.